ஒன்று தசம் நான்கில் எடுத்த படம்

கொட்டாஞ்சேனையில் ஒரு கமராக் கடை. கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் கறுப்புத் துணி விரித்து இரண்டு லென்ஸ்களை வைத்தார். இரண்டும் ஐம்பது மில்லிமீற்றர். சிறியதன் துவாரம் இரண்டு என்ற எண்ணோடு நின்றுவிடும். பெரியது ஒன்று தசம் நான்கு, அதாவது 1.4 வரை போகும். எண் குறையக் குறையத் துவாரம் அகலும். என் கமரா ரேஞ்ச்ஃபைண்டர்; சாளரத்தில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் கூராகும். பெரியதை அதில் பூட்டிப் பார்த்தபோது, பார்க்கும் சாளரத்தின் ஒரு மூலையையே அது மறைத்தது. "தம்பி, சின்னது உள்ளதைச் சொல்லும். பெரிசை முழுக்கத் திறந்து கிட்ட நிண்டு எடுத்தால் ஒரு கண் மட்டும் கூரா விழும், மற்றதெல்லாம் பஞ்சு. அதில எல்லாரும் வடிவுதான்" என்றார். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் படமெடுக்கப் பெரியதுதான் வேண்டும் என்று அவரிடமும் வீட்டிலும் சொன்னேன். அது பொய். அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வசனத்துக்காகவே அதை வாங்கினேன்.

என் அக்காவுக்குப் பதினொரு வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, வலது காதிலிருந்து தாடைவரை தோல் சுருங்கிப்போயிருந்தது. அவள் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. தலைமயிரை இழுத்துப் பின்னிக்கொண்டு வெள்ளவத்தைக் காலி வீதியில் நடப்பாள். உற்றுப் பார்ப்பவர்களைத் திரும்பி உற்றுப் பார்ப்பாள். மறைக்க விரும்பியது நாங்கள். லண்டனில் இருந்த ஒரு பொறியியலாளருக்குச் சம்பந்தம் பேசத் தரகர் படம் கேட்டபோது, "இருக்கிறபடி எடு" என்றுதான் அக்கா சொன்னாள். நான் அவளை யன்னலோரம் இருத்தி, முகத்தைச் சற்றுத் திருப்பி, வடுவை நிழலில் விட்டேன். துவார வளையத்தை ஒன்று தசம் நான்குக்குத் திருப்பினேன். இரட்டையாகத் தெரிந்த இடது கண்ணின் உருவம் ஒன்றாகச் சேர்ந்ததும் அழுத்தினேன். கழுவி எடுத்த படத்தில் வலது கன்னம் பாலாடைபோல் கரைந்திருந்தது. அக்காவுக்குக் காட்டாமல் தரகரிடம் கொடுத்தேன்.

லண்டன்காரர் தாயோடு வந்தார். அக்கா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "படத்தில இருந்த பிள்ளை எங்கை?" என்று தாய் கேட்டார்.

தாயின் கையிலிருந்த படத்தை அக்கா வாங்கிப் பார்த்தாள். "அப்பிடி ஒருத்தி இந்த வீட்டில இல்லை. இருக்கிறது நான்தான். நல்லாப் பாருங்கோ" என்று வலது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அவர்கள் போனபின் அம்மா அக்காவைத்தான் கேட்டார்: "நீதானே அவனிட்டைச் சொல்லி இப்பிடி எடுப்பிச்சனி?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. படம் காட்டி ஏமாற்றப் பார்த்தவள் என்ற பேச்சு கோயில் வீதிவரை போனது. அதன்பின் அவள் எந்தச் சம்பந்தத்துக்கும் சம்மதிக்கவில்லை. கணிதம் படிப்பித்தாள், உப அதிபராக ஓய்வு பெற்றாள். நல்லதுக்காகத்தானே செய்தாய் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். படம் எடுத்தபோது ஒரு தரம் பொய் சொன்னேன். வாய் மூடி நின்றபோது இரண்டாம் தரம் சொன்னேன்.

போன மாதம், அக்காவின் பிறந்தநாளுக்கு, ரொறன்ரோவில் இருக்கும் என் மகள் குடும்ப வட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் போட்டாள். "மாமியின்ரை ஆக வடிவான படம்" என்று எழுதியிருந்தாள். அன்றே அக்கா அழைத்தாள்.

"கமராவோட வா. என்ரை மரண அறிவித்தலுக்குப் படம் வேணும். விட்டால் இவையள் அந்தப் பொய்யைத்தான் போடுவினம்."

நான் உடனே போகவில்லை. ஒரு கிழமை கடைகடையாக ஏறி, அன்று வேண்டாமென்று விட்ட சிறிய லென்ஸைப் போன்ற ஒன்றைத் தேடிப் பிடித்தேன். "எல்லாரும் பெரிசுக்குத்தானே அலையினம், ஐயா ஏன் கீழ வாறீங்க?" என்று கடைப் பையன் சிரித்தான். இரண்டையும் தெஹிவளையில் அக்காவின் மேசைமேல் வைத்து, எது எதற்கு என்று விளக்கினேன். கணித ஆசிரியை பொறுமையாகக் கேட்டாள்.

"பெரிசின்ரை துவாரத்தை எட்டுக்குக் குறைச்சால்?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்."

"அப்ப அண்டைக்கும் குறைச்சிருக்கலாம்."

"ஓம்."

"பிறகேன்ரா லென்ஸில பழியைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமையாத் திரிஞ்சனி?"

"நான்தான் திறந்தனான் அக்கா. நீ சொல்லி எடுக்கேல்லை எண்டு அம்மாவிட்டையும் சொல்லேல்லை."

"அதை எனக்கு ஏன் சொல்லுறாய்? தெரியாத ஆக்களுக்குச் சொல்லு" என்றாள். அந்தப் பழைய பெரிய லென்ஸையே எட்டுக்கு வைத்து எடுத்தேன். சுருங்கிய தோலின் ஒவ்வொரு மடிப்பும் விழுந்தது.

கழுவிய படத்தைக் கைபேசியில் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவள் எனக்கு மட்டும் திருப்பி அனுப்பினாள், கன்னம் வழுவழுவென்றிருந்தது. "கொஞ்சம் சரி செய்தனான் அப்பா. மாமிக்கு நல்லதுக்குத்தானே."

திருத்தாத படத்தைக் குடும்பம் முழுவதற்கும் போட்டேன். கீழே நடந்ததை எழுதினேன்: அந்தப் பழைய படம் என் வேலை, அக்கா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது, பழி அவள்மேல் விழுந்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுவிட்ட தம்பி கேட்டான், "அண்ணை, இந்த வயசில ஏன் இதைக் கிளறுறியள்?"

"அவ உயிரோட இருக்கேக்கை கிளறவேணும்" என்று பதில் போட்டேன்.

அக்கா என் மகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "பிள்ளை, அப்பா போட்ட படம்தான் அறிவித்தலுக்கு. முத்திரை அளவில போட்டிடாதை. அரைப் பக்கம் எடு."