மைக்குக்குப் பத்தடி தள்ளி

"ஒன்னோடது வயக்காட்டுத் தொண்டை. கூட்டத்தோட சேராதும்மா."

வானொலியின் மதிய மெல்லிசை நிகழ்ச்சிக்கு ஒத்திகை தொடங்கிய அன்று, டவுனுக்குள்ளேயே கே.கே. நகரிலிருந்து வரும் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். அவர் பல வருடமாகக் குழுவில் பாடுபவர். நான் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருபவள்.

வயலினும் புல்லாங்குழலும் தபலாவும் தனித்தனி மைக்கில். பாடுகிற எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே மைக். மெல்லிய குரல்காரர்கள் அதன் அருகில் நிற்க வேண்டும், சத்தமான குரல்காரர்கள் தள்ளி நிற்க வேண்டும். குழுவை நடத்துபவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஓரடி பின்னால் போனேன். மறுபடி ஆட்டினார்.

"இன்னும் ரெண்டெட்டு வச்சேன்னா ஒங்க ஊருப் போற வழியில பரவைக்கே போயிருவ" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டு வருடமும் முதல் பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பின்னால் நிற்பது எனக்கு வலித்தது. அதனால் பாடும்போது, எனக்கே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துவிடுவேன்.

கடைசி நாள் ஒத்திகையைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். முதல் சரணம்வரை எட்டுப் பேர் பாடினார்கள். அதற்குப் பிறகு என் ஒருத்தியின் குரல்தான் கேட்டது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டைக் காணோம்.

"நாளைக்கும் இப்படின்னா நீங்க பாட வேண்டாம்மா" என்றார் நடத்துபவர்.

மறுநாள் நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்ததும் இரண்டு குதிகால்களையும் பின்சுவரில் ஒட்டிவைத்தேன். நான்கு பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. கடைசிப் பாட்டில் புல்லாங்குழல் நின்று நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கியபோது, என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா திரும்பிப் பார்த்து, சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். களை எடுக்கிற வயலில், வரப்பில் செல்போனை வைத்து ரேடியோ கேட்டிருக்கிறாள்.

"எங்கத்தா பாடுன நீ? அம்புட்டுப் பேரும் வேலையப் போட்டுட்டுக் காதக் குடுத்துக் கேட்டோம். ஒன் சத்தத்தையே காணோம். ஒரே ஆளு பாடுன மாதிரில்ல இருந்துச்சு!"

"அப்படித்தாம்மா இருக்கணும்."

"என்னமோ போ. எம்மக பாடுறான்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். அடுத்த வாட்டி ஒத்தையில பாடு. அப்பத்தேன் எனக்கு வெளங்கும்."

போனை வைத்ததும் திரும்பி உள்ளே போனேன். தனிப்பாடல் குரல் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் தந்த ரசீதைப் பாட்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.