கியர் பார்க்க அணைக்குப் போனது

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பத்தேழு மைல். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா. நயா பைசா புழக்கத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கண்டக்டர் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அணாக் கணக்குப் போட்டுப் பார்த்து, தன்னையே சந்தேகித்து, மறுபடியும் போட்டார். நான் கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பஸ்ஸின் கூரையை நம்பி ஸ்பானரை ஏற்றுகிறவன் அல்ல நான்.

நான் வேலை பார்த்த பட்டறைக்கு முதல் நாள் மாலை தந்தி வந்திருந்தது. அணைக்கட்டில் ஓடும் படகின் மோட்டாரில் கியர் விழவில்லை, உடனே ஆள் அனுப்பவும் என்று இருந்தது. 'உடனே' என்ற சொல்லைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு மாதம் மழையில் போட்டு வைத்திருந்தவன்தான் ஏழாவது மாதம் உடனே வா என்று தந்தி அடிப்பான். இது என் அனுபவம்.

அத்திப்பள்ளி தாண்டியதும் மைசூர் ராஜ்யம் முடிந்து மதராஸ் ராஜ்யம் தொடங்குகிறது. அங்கே மதுவிலக்கு. போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறி மூட்டை முடிச்சுகளைக் கிளறினார். என் கியர் எண்ணெய் டப்பாவைத் திறந்து மோந்தார். மனம் ஒப்பாமல் விரலைவிட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததில் டிக்கெட் காசு எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஓசூரில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். நல்ல குளிர். இட்லி விற்றவள் கன்னடத்தில் விலை சொன்னாள், தெலுங்கில் சட்னி வேண்டுமா என்றாள், சில்லறை இல்லை என்றதும் தமிழில் திட்டினாள். சானமாவுக் காட்டில் பஸ் மறுபடியும் நின்றது. ராகி விளைந்துவிட்டால் யானைகள் இறங்கிவிடுமாம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஒடியும் கிளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. யானையை நான் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் இருந்த விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு அணைப் பக்கத்து ஊர். ராகி விலை, மாட்டு விலை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அணைப் படகின் மோட்டாரைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், "அந்த போட்டுக்கா?" என்று கேட்டார். பிறகு இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை தெரியும்போது மணி பதினொன்று. பஸ் நிலையத்தில் ஓவர்சியர் ஒருவர் ஜீப்போடு காத்திருந்தார். அங்கிருந்து அணைக்கு ஆறு மைல். ஊரை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

அணையில் நீர் தேங்கிய பிறகு சில குடும்பங்களுக்கு வீடு ஒரு கரையிலும் மிஞ்சிய நிலம் எதிர்க்கரையிலுமாகப் போய்விட்டது. அவர்களை ஏற்றி இறக்கத்தான் அந்தப் படகு. ஓட்டியவன் திம்மராயன். முன்பு சொந்த மாட்டுவண்டி ஓட்டியவன். நிலம் நீரில் போனதால் இந்த வேலை கிடைத்தது. முந்தாநாள் காலை ஆட்களை ஏற்றிக்கொள்ளத் தனியாகக் கரைக்கு வந்திருக்கிறான். கியரை நடுவுக்குத் தள்ளிவிட்டு, கயிறு எறிய எழுந்து நின்றிருக்கிறான். கியர் நடுவில் இருந்தால் நீரைத் தள்ளும் விசிறி சுற்றக் கூடாது, படகு அடங்கி நிற்க வேண்டும். அது நிற்காமல் முன்னால் பாய்ந்து, நீருக்குள் மூழ்கிக் கிடந்த புளியமரத்தில் மோதியது. தெறித்து விழுந்தவனுக்குத் தலையில் அடிபட்டிருக்க வேண்டும். மதகு திறந்திருந்த நேரம். இழுப்பில் எங்கே போனான் என்று தெரியவில்லை.

பரிசல்கள் தேடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் காற்றை எதிர்த்து அவை நடு நீருக்குப் போக முடியவில்லை. மோட்டார் படகின் பின்னால் பாதாளக்கரண்டியைக் கட்டி இழுக்கலாம் என்றார் ஓவர்சியர். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கிதான். கொக்கி எதிலாவது மாட்டியதும் படகு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காத படகில் யார் ஏறுவார்கள்? தந்தியில் இருந்த 'உடனே' எனக்கு அப்போதுதான் சுட்டது.

கரையில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடல் கிடைத்து அடக்கம் ஆகும்வரை பங்காளி வீடு எதிலும் அடுப்பு மூட்ட மாட்டார்களாம். குழந்தைகளுக்கு மட்டும் அடுத்த ஊரிலிருந்து கூழ் வந்திருந்தது. திம்மராயனின் மனைவி மாதம்மா ஒரு பாறையோரம் தனியாக இருந்தாள். சிங்காரப்பேட்டையிலிருந்து அவள் அண்ணன்மார் கோடிப்புடவையோடு வந்து காத்திருந்தார்கள். உடலைக் கண்ணால் காணாமல் வளையலைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அவள் நெற்றியில் குங்குமமும் கை நிறைய வளையலுமாகவே இருந்தாள்.

மோட்டாரைக் கழற்றி ஒரு பீப்பாய் விளிம்பில் மாட்டினேன். ஐந்தரைக் குதிரைச் சக்தி. கைப்பிடி முன், நடு, பின் என்று மூன்று இடத்துக்கும் தாராளமாகப் போயிற்று. தாராளமாகப் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கைப்பிடி எங்கே இருந்தாலும் கியர் முன்னாலேயே கடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியையும் கியரையும் சேர்க்கும் கம்பியைத் தொடர்ந்து போனேன். இணைப்பில் ஆணி போல இருந்த சின்னப் பின் அறுந்திருந்தது. அந்தப் பின் தானாக அறுவதில்லை. கியர் நகர மறுத்திருக்க வேண்டும், அவன் பலத்தைக் காட்டியிருக்க வேண்டும். அடியில் இருந்த திருகைக் கழற்றினேன். எண்ணெய் ஒழுகவேண்டிய இடத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டு நோண்டினால் கறுப்பாக, களியாக வந்தது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும். வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மை.

ஓவர்சியர் கொக்கி வாங்கி வரப் போயிருந்தார். திம்மராயனின் அண்ணன் மாரப்பன் பரிசலில் தேடிக்கொண்டிருந்தார். கியர் பெட்டியைப் பிரித்து நான் அந்த மையை வழித்துக்கொண்டிருந்தபோது மாதம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். எண்ணெய் தீர்ந்து, கேட்டனுப்பியும் வரவில்லையாம். சுத்துற உருப்படிக்கு மை இல்லாமல் ஆகாது என்று அவள் புருஷன் சொன்னானாம். வண்டிக்குப் போடுவது போல இல்லாமல், கரியைத் துணியில் சலித்து, அம்மியில் இரண்டு நாள் அரைத்துக் கொடுத்தாளாம். குளிரில் இறுகிக் கியரைப் பிடித்துக்கொண்டது அந்த மைதான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பழசை வழித்துவிட்டுப் புதுசு போடுகிற வழக்கப்படி நான் செய்வதாக நினைத்திருந்தாள்.

"வூட்டுல இன்னும் ஒரு கொட்டாங்குச்சி இருக்குதுண்ணா. கொண்டாரட்டா?" என்றாள்.

எண்ணெய் கொண்டு வந்திருக்கிறேன், வேண்டாம் என்றேன். அவள் போகவில்லை. சற்று நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் உங்களை அவசரப்படுத்துவாங்க. நீங்க மெதுவாவே பண்ணுங்கண்ணா" என்றாள்.

நான் வேலை மும்முரத்தில், "எனக்கு ராத்திரி பஸ் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பி நடக்கும்போது வளையல் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரில் அந்த மோட்டார் ஓடவேண்டாம் என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் நான் என்ன செய்ய முடியும்? மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, புதுப் பின் போட்டு, எண்ணெய் ஊற்றி மூடினேன். முன், நடு, பின் மூன்றும் சுத்தமாக விழுந்தன.

வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாததால் நானே ஓட்டினேன். மாரப்பன் கொக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கயிறு இழுபட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் கையைத் தூக்கினார். கைப்பிடியை நடுவுக்குத் தள்ளினேன். படகு அந்த இடத்திலேயே அடங்கி நின்றது. நான் கற்ற வேலை அன்று போல் என்றும் பலித்ததில்லை. அன்று போல் என்றும் அதை நான் வெறுத்ததும் இல்லை. படகு மெதுவாகத் திரும்பி வருவதைப் பார்த்தே கரையில் அழுகை எழுந்துவிட்டது. இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது. பஸ் போய்விட்டிருந்தது. ஓவர்சியரின் கொட்டகையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மாரப்பனுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். தீட்டுக் காலம்தான். ஆனால் எதிர்க்கரையில் எல்லாருடைய ராகியும் அறுப்புக்கு நின்றது. அவர் ஓட்டாவிட்டால் வெளியூர் ஆளைப் போட்டுவிடுவோம் என்று அணை ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். என்ன கோளாறு என்று அவர் கேட்டார். இணைப்புப் பின் அறுந்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை. அதோடு விட்டுவிடத்தான் நினைத்தேன்.

"அப்ப சரிங்க மேஸ்திரி. வாரத்துக்கு ஒருக்கா நம்ம மையைப் போட்டுக்கறேன். மாதம்மா அரைச்சு வெச்சிருக்குது" என்றார்.

இனி மறைத்தால் இன்னொரு உயிர் போகும். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சொல்லிடாதீங்க. செத்துடுவா" என்றார்.

அந்த மையை எதிலும் போடமாட்டேன் என்று என்னிடம் கையடித்துக் கொடுத்தார். டப்பாவில் மீதியிருந்த எண்ணெயை அவரிடம் கொடுத்தேன். மாதாமாதம் எண்ணெய் அனுப்பாமல் இந்தப் படகைத் தண்ணீரில் விடக் கூடாது என்று ஓவர்சியரிடம் கண்டித்துச் சொன்னேன். காரணம் கேட்டார், மோட்டார் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஜீப்புக்கு நடக்கும் வழியில் அவர்கள் வீடு. மாதம்மா வாசல்வரை வந்தாள். கோடிப்புடவை, வெறும் கை. இலை போட்டு மூடிய கொட்டாங்குச்சி ஒன்றை மாரப்பனிடம் நீட்டினாள்.

"மாமா, பழசையெல்லாம் மேஸ்திரி வழிச்சிட்டாரு. இதைப் போட்டு ஓட்டுங்க. கல்லு மண்ணு ஒண்ணும் இல்லை."

மாரப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "போட்டுக்கறேம்மா" என்றார்.

ஜீப் அருகே வந்ததும் அதை என்னிடம் கொடுத்தார். ஊரில் எங்கே கொட்டினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும், நீங்களே கொண்டுபோய்விடுங்கள் என்றார். வாங்கிப் பெட்டியில் வைத்தேன். வழியில் எத்தனையோ பள்ளம், ஓடை, எறிந்திருக்கலாம். ஏனோ கை வரவில்லை.

வெளியூர் போனால் நான் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. அன்று பெட்டியைத் திறந்த என் மனைவி, இது என்ன பண்டம் என்று இலையை நீக்கினாள். வண்டி மை என்றேன். ஒரு விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள்.

"கண்ணுக்கே இட்டுக்கலாம் போல இருக்கு. இவ்வளவு நைசா யாரு அரைச்சது?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.