அற்புதசாமி போனுக்கு வந்த வாய்தா

செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். பிச்சை திட்டுவான். பாதையை அடைத்தவன் எதிரி. எதிரி அப்படித்தான் செய்வான். கூட இருந்தே கழுத்தறுத்தவர் அற்புதசாமி. வருஷம் பல ஆகியும் அந்தப் பேரைக் கேட்டால் பிச்சைக்குச் சோறு இறங்காது.

முசிறிப் பக்கம் பிச்சையின் வாழைத்தோட்டத்துக்கு ஒரே வண்டிப்பாதை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் அதில் கல்லை ஊன்றிக் கம்பியை இழுத்துவிட்டான். தாரெல்லாம் தலைச்சுமையாக வாய்க்கால் வழியே வந்தது. பிச்சை கேஸ் போட்டான்.

வக்கீல், திருச்சி ஸ்டீபன்ராஜ். ஆனால் பிச்சைக்குத் தெரிந்த வக்கீல் அவருடைய குமாஸ்தா அற்புதசாமிதான். பாலக்கரைக்காரர். "வாய்தா தள்ளிப்போச்சு, பஸ்ஸேறி வந்து நிக்காதே" என்று விடிந்ததும் போன் போடுவார். பிச்சை தார் வெட்டினால் ஒரு சீப்பு அவர் வீட்டுக்குப் போகும்.

கேஸையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னபோது, வாய்தா தேதியை மெசேஜாக அனுப்பக் கட்சிக்காரனின் போன் நம்பரைக் கோர்ட் கேட்டது. பிச்சையிடம் இருந்தது பட்டன் போன்.

"என் நம்பரையே போட்டுடறேன் பிச்சை. சேதி வந்தா நான் சொல்லிடறேன்."

"போடுங்கண்ணே. எனக்கு வந்தா மட்டும் அந்த இங்கிலீஷைப் படிச்சுக் கிழிக்கப்போறேனா?"

அப்போது அநேக குமாஸ்தாக்கள் அப்படித்தான் செய்தார்கள். எழுத்துத் தெரியாத கட்சிக்காரனெல்லாம் குமாஸ்தா போனுக்குள்தான் குடியிருந்தான்.

பிறகு ஸ்டீபன்ராஜ் ஒரு கம்ப்யூட்டர் ப்ரோகிராம் வாங்கினார். மனு எழுதுமாம், தீர்ப்பைத் தேடித் தருமாம், வாய்தாவும் சொல்லுமாம். "இனிமே நீங்க வெயில்ல அலைய வேண்டாம்ணே" என்று அற்புதசாமியை வீட்டுக்கு அனுப்பினார். தலை நரைக்கும்வரை செய்த வேலை அந்த ஒரு பேச்சில் போயிற்று. ப்ரோகிராமில் புதுக் கேஸ்கள் ஏறின. பழையதை ஏற்ற ஆளில்லை, ஆளைத்தான் அனுப்பியாயிற்றே.

பிச்சை போய்க் கேட்டபோதெல்லாம், "தேதி வந்தா சொல்லுவோம்" என்றது ஆபீஸ். கடைசியில் டீக்கடையில் எதிராளிதான் சொன்னான்: "என்ன மாமா, உன் கேஸ் செத்து கருமாதியும் முடிஞ்சுபோச்சு. நீ இன்னும் வக்கீலைப் பார்க்க அலையுறியாமே?"

யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி.

தில்லை நகரில் வஹீதா என்ற வேறொரு வக்கீலம்மாவிடம் ஓடினான். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உங்க நம்பருக்குத் திரும்பத் திரும்ப மெசேஜ் போயிருக்குங்க. தெரியாதுன்னா ஜட்ஜ் எப்படி நம்புவாரு? அது தன்னோட நம்பர்னு அந்தக் குமாஸ்தாவே எழுதிக் குடுத்தா, கேஸை மறுபடி எடுக்க வழியிருக்கு."

அற்புதசாமி போனை எடுக்கவில்லை, ஊரிலும் எங்கும் அகப்படவில்லை. ஆடி அமாவாசைக்கு அப்பனுக்குத் திதி கொடுக்க ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போன பிச்சை, அங்கே ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் சட்டையில் அவரைப் பார்த்தான்.

"மெசேஜ் வந்துச்சா, வரலியா?"

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அவன் ஆபீஸ் நாறட்டும்னு விட்டுட்டேன் பிச்சை. என்னை வேண்டாம்னவனுக்கு நான் எதுக்கு ஞாபகப்படுத்தணும்?"

"அவரு பாதையாண்ணே அது? அவரு கார்ல போறாரு. எம் பொண்டாட்டில்ல தார் சுமக்கறா!"

"எழுதிக் குடுத்தா, பார்த்துக்கிட்டே சும்மா இருந்தியான்னு கோர்ட்டே காறித் துப்பும்யா."

"துப்பட்டுமே. தொடைச்சுக்கிட்டுப் போங்க!"

உள்ளேயிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. அற்புதசாமி ஓடிப்போய் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். பிச்சை ஈர வேட்டியோடு பஸ் ஏறினான்.

ஐப்பசியில் அவர் மகள் ஜாஸ்லின் கூப்பிட்டாள். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, பார்க்கவேண்டும் என்கிறார் என்றாள். போகக்கூடாது என்றிருந்தவன், பாதையை நினைத்து, வஹீதாவையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வஹீதா நீட்டிய காகிதத்தில் அற்புதசாமி கையெழுத்துப் போட்டார். அதற்காகப் பிச்சையின் மனசு இளகிவிடவில்லை. எழுந்து கதவுவரை போய்விட்டான்.

"பிச்சை, இந்தப் போனை எடுத்துட்டுப் போ" என்றார் அவர். "இன்னும் எத்தனையோ பேர் வாய்தா இதுலதான் வருது. துறையூர் இருசம்மாளுக்கு அடுத்த வாரம் கேஸ். சார்ஜ் போட்டு வச்சுக்க. உன் மகதான் இப்போ படிக்கிறாளே, அவளை விட்டுப் படிக்கச் சொல்லி, அவங்கவங்களுக்குச் சொல்லிடு."