மாதம்மாளும் மலையோட மூத்த டப்பாவும்

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டாருக்கா"ன்னு ஜான்பீட்டர் வாத்தியார் சொன்னதுதான் தாமதம், மாதம்மா கையில இருந்த கத்தியை மரவள்ளிக் கெழங்கு மேலயே குத்தி நிறுத்திட்டா.

"எவன் சொன்னான்?"

"டப்பாவ வெச்சவரே சொல்லியிருக்காரு. பன்னண்டு வருசமா ஒருத்தரும் கண்டுபுடிக்கல, அதனால இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியல்ல இருந்து எடுத்துடறேன்னு போட்டிருக்காரு."

"எடுத்துருவாராமா? பெரக்கரை நாட்டுல, நான் நடந்து நடந்து தேச்ச தடத்துல இருக்கற டப்பாவ, எங்கியோ ஒக்காந்துக்கிட்டு இல்லைன்னு எழுதீருவாரா? ஏனுங்க சார், அவரு வந்து பாத்தாருங்களா?"

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லீர்றேன். இல்லாட்டி இவங்க ரெண்டு பேரும் பொதையல் தேடறாங்கன்னு நெனச்சுக்குவீங்க. பொதையலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஜியோகேச்சிங்னு ஒரு வெளையாட்டு. ஒருத்தரு ஒரு டப்பாவுக்குள்ள சின்ன நோட்டு ஒண்ணப் போட்டுக் காட்டுலயோ மேட்டுலயோ ஒளிச்சு வெச்சுட்டு, அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பரை இன்டர்நெட்ல போட்டுருவாரு. மத்தவங்க செல்போனைப் புடிச்சுக்கிட்டுப் போயித் தேடி எடுத்து, நோட்டுல கையெழுத்துப் போட்டு, மறுபடியும் அதே எடத்துல வெச்சுட்டு வரணும். வந்து, கண்டுபுடிச்சாச்சுன்னு இன்டர்நெட்ல எழுதணும். அவ்வளவுதான். கூலியும் கெடையாது, பரிசும் கெடையாது. இதுக்கா இந்தப் பாடுன்னு கேக்கறீங்கல்ல? மாதம்மாளோட வீட்டுக்காரரு சின்னக்கண்ணும் நாலு வருசமா அதத்தான் கேக்கறாரு. பதில்தான் கெடச்சபாடில்ல.

மாதம்மா பொறந்தது தேவனூர் நாடு. இந்த மலையில ஊருங்க கொஞ்சம் சேந்தா அதுக்கு நாடுன்னு பேரு. பத்தொம்பது வயசுல பெரக்கரை நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தா. ரெண்டு ஏக்கர் காடு. மரவள்ளி, சாமை, ஓரத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மொளகுக்கொடி. காடு கெடக்கறது பள்ளத்துல, லாரி வந்து நிக்கற ரோடு கணவாய்க்கு அந்தாண்ட. நடுவுல ஒண்ணரை மணி நேரம் செங்குத்தான ஏத்தம். வெளைஞ்சது பூராத் தலைச்சுமையாத்தான் போகணும். ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல தார் ரோடு காட்டு வரைக்கும் வந்து சேர்ற வரைக்கும், இருபத்தியோரு வருசம் அவ சுமந்தா. ரோடு வந்த பெறகு ஆளுங்க எல்லாம் அப்பாடான்னு ஒக்காந்தாங்க. மாதம்மாளுக்கு ஒக்கார வரல. கால் பழகிப்போச்சு, எங்கியாவது ஏறணும்னு நமநமங்குது. சும்மாவே கணவாய் வரைக்கும் போயிட்டு வருவா. ஊரு சிரிச்சுச்சு.

அப்பத்தான் ஒரு நாள் போற வழியில ஒரு பலாமரத்து வேருக்குள்ள பச்சை டப்பா ஒண்ணு கெடந்துச்சு. எவனோ மறந்துட்டுப் போயிட்டான்னு ஊட்டுக்குக் கொண்டாந்து, கழுவிக் கவுத்து, கடுகு போட்டு வெச்சுட்டா. நாலு மாசம் கழிச்சு, திண்டுக்கல் பக்கமிருந்து மாத்தலாகி வந்த இந்த ஜான்பீட்டர் வாத்தியார், செல்போனைப் பாத்துக்கிட்டே பலாமரத்தைச் சுத்திச் சுத்தி வர்றாரு. என்னங்க சார்னு கேட்டா, டப்பாங்கறாரு. மாதம்மாளுக்கு மொகமெல்லாம் செவந்துருச்சு. கடுகைக் கொட்டிட்டு டப்பாவைக் கொண்டாந்து நீட்டினா. வாத்தியார் திட்டல, விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்பறம் வெளையாட்ட வெவரமாச் சொன்னாரு. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள, "இன்னொண்ணு எங்கீங்க சார் இருக்குது?"ன்னு கேட்டவ மாதம்மா.

அன்னிக்குப் புடிச்ச பைத்தியம். மலையில மொத்தம் பதினோரு டப்பா. அதுல மூணு மூத்த டப்பா, மூணும் ரெண்டாயிரத்து நாலுல ஒரே ஆளு வெச்சது. முதல் ரெண்டையும் எடுத்தாச்சு. ஒண்ணு பாறை இடுக்குல, தேன்கூட்டுக்குப் பக்கத்துல, மூணு கொட்டு வாங்கித்தான் எடுத்தா. இன்னொண்ணு ஓடைக்கு அந்தப்பக்கம், இடுப்பளவு தண்ணியில போயி எடுத்தா. மூணாவதுதான் இந்தக் கணவாய் டப்பா. எல்லாத்துக்கும் மூத்தது. ரெண்டாயிரத்துப் பதிமூணு வரைக்கும் ஆறு பேரு எடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதுக்கப்பறம் வந்தவன் எல்லாம் வெறுங்கையோட எறங்கினான். மாதம்மாளும் வாத்தியாரும் நாலு தடவை போயாச்சு. குறிப்புன்னு ஒரே வரி போட்டிருந்துச்சு: "பலகைக்கல்லுக்குக் கீழே." கணவாயில பலகைக்கல்லே கெடையாது.

"என் தடம் சார் அது"ன்னா மாதம்மா, அடுப்பைத் தணிச்சுக்கிட்டே. "கண்ணக் கட்டிவிட்டாலும் ஏறுவேன். அங்க இருக்கற ஒண்ண நான் கண்டுபுடிக்காம, இல்லைன்னு எவனோ எழுதி முடிச்சுட்டா, அப்பறம் நான் இத்தன வருசம் கண்ண எங்க வெச்சுக்கிட்டு நடந்தேன்? கெளம்புங்க."

"அக்கா, பேசாம கண்டுபுடிச்சுட்டோம்னு எழுதிப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

அவ பாத்த பார்வையில வாத்தியார் பைய மாட்டிக்கிட்டாரு. "கெழங்கு வெந்துட்டு இருக்குது, எறக்கித் தின்னுங்க!"ன்னு சின்னக்கண்ணுவப் பாத்துக் கத்திட்டு மாதம்மா நடையக் கட்டினா.

தடம் பாதி மூடிக் கெடந்துச்சு. ரோடு வந்த பெறகு இந்தப் பக்கம் வர்றது யாரு? உண்ணிச்செடி ரெண்டு பக்கமும் மண்டி, வாத்தியாரோட சட்டையப் புடிச்சுப் புடிச்சு இழுக்குது. மாதம்மா அரிவாளால வெட்டித் தள்ளிக்கிட்டு முன்னாடி போறா. வாத்தியார் பின்னாடி, "மெதுவாக்கா, மெதுவாக்கா"ன்னு மூச்சு வாங்கிட்டே வர்றாரு. கணவாய் ஏறி நிக்கறப்ப மணி ரெண்டரை.

தேடினாங்க. செல்போன் காட்டற புள்ளி, கணவாய்த் தலையில நிக்கற பெரிய மரத்தடியில ஒரு எடத்துல நிக்காம பத்தடி இங்கிட்டும் பத்தடி அங்கிட்டும் தாவுது. வேர் ஒண்ணு விடல. பொந்து ஒண்ணு விடல. பாறைக்கு அடியில எல்லாம் கம்ப விட்டுக் கிண்டினாங்க. ஒரு தேள் வந்துச்சு, டப்பா வரல. மூணு ஆச்சு, நாலு ஆச்சு. வாத்தியார் மரத்துல சாஞ்சு ஒக்காந்துட்டாரு. மாதம்மாளுக்கு அழுகையே வந்துருச்சு, ஆனா அதையும் கோவமாத்தான் காட்டினா.

"வெச்சவன் கண்ணே அவிஞ்சிருக்கும்! பலகைக்கல்லாம், பலகைக்கல்லு!"

வாத்தியார் தண்ணியக் குடிச்சுட்டுக் கேட்டாரு. "அக்கா, ரெண்டாயிரத்து நாலுல இங்க என்ன இருந்துச்சு? நீங்க சுமந்துக்கிட்டு வருவீங்கல்ல, அப்ப?"

"என்ன இருந்துச்சு? இதே மரம், இதே நோவுச்சாமி. நான் வருவேன், சுமைய எறக்குவேன், சாமிக்குக் கல்லு வெப்பேன், போவேன்."

நோவுச்சாமின்னா செலையெல்லாம் கெடையாது. கணவாய்த் தலையில ஒரு கல்லுக் குமி, அதான் சாமி. சுமையோட ஏறி வர்றவங்க ஆளுக்கு ஒரு கல்லு கொண்டாந்து அதுல போட்டு, "நோவ நீ வெச்சுக்கோ சாமி"ன்னு கும்பிட்டுட்டுப் போவாங்க. கால் நோவு, இடுப்பு நோவு எல்லாம் அந்தக் கல்லோட அங்கியே தங்கீரும். போட்ட கல்ல எடுக்கக்கூடாது. எடுத்தா, போட்டவங்க நோவு எடுத்தவங்களுக்கு வந்துரும். முதல் தடவை வந்தப்பவே வாத்தியார் அந்தக் குமிக்குப் பக்கத்துல குனியப் போனாரு. "கை வெக்காதீங்க சார், சாமி!"ன்னு மாதம்மா ஒரு அதட்டுப் போட்டா. அன்னிலிருந்து ரெண்டு பேரும் அந்தப் பக்கமே திரும்பல.

"எங்க எறக்குவீங்க?"ன்னாரு வாத்தியார்.

"இங்கதான்."

"இங்கன்னா?"

மாதம்மா ஒரு எட்டு முன்னால வந்தா. வெடுக்குனு வாத்தியாரோட பைய வாங்கித் தலையில வெச்சுக்கிட்டா. இருபதடி கீழ எறங்கிப் போயி, கண்ண மூடிக்கிட்டு, பழையபடி சுமைக்காரி நடையில ஏறி வந்தா. வேரைத் தாண்டினா. திரும்பினா. நாலு எட்டு வெச்சா. கால் தானா நின்னுச்சு. முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்ச்சு, பைய எறக்கி வெக்கப் போனா. பை எதிலயோ மோதுச்சு. கண்ணத் தொறந்தா, மூக்குக்கு நேரா நோவுச்சாமி.

"அய்யோ!"ன்னா.

"என்னக்கா?"

"சார், இங்கதான் சார் இருந்துச்சு! ரெண்டு கல்லு மேல ஒரு பலகைக்கல்லு! இடுப்பு ஒசரத்துக்கு! அதுலதான் எல்லாரும் சுமைய எறக்குவோம், சுமைதாங்கின்னுதான் சொல்லுவோம், அதான் பலகைக்கல்லுன்னதும் எனக்குத் தோணல. அப்பல்லாம் சாமி என்ர முழங்கால் ஒசரம்தான் சார், அதுக்குப் பக்கத்துல சின்னதா இருந்துச்சு. கல்லுப் போடப் போடச் சரிஞ்சு, பலகைக்கல்லே மூடிப்போச்சு, நானும் மறந்துட்டேன்! சாமிக்கு உள்ளார இருக்குது சார் டப்பா!"

"நான் அன்னிக்கே குனிஞ்சேன்"னாரு வாத்தியார் மெல்லமா.

"இப்பப் பேசாதீங்க சார். மணி என்ன?"

"நாலு அம்பது."

வாத்தியார் கிறிஸ்தவர், அவருக்கு நோவுச்சாமி மேல பயமில்ல, கல்ல எடுக்கத் தயாரா நின்னாரு. மாதம்மா விடல. ஊருச்சனத்தோட நோவையெல்லாம் மாத்தலாகி வந்த மனுசன் தலையில ஏத்தறதா? குமியை உத்துப் பாத்தா. பாத்துட்டே இருந்தா. அப்பறம் கடகடன்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டா.

"வெள்ளைக் கல்லெல்லாம் என்னுது சார்!"

நெசந்தான். மத்தவங்க தடத்துல கெடக்கற கருங்கல்லத்தான் எடுத்துப் போடுவாங்க. மாதம்மாளோட காட்டுல பூரா வெங்கக்கல்லு, பால் நெறத்துல. காட்டைச் சுத்தம் பண்ணினாப்பலயும் ஆச்சு, சாமிக்கு வெச்சாப்பலயும் ஆச்சுன்னு, ஒவ்வொரு நடைக்கும் காட்டுல இருந்தே ஒரு கல்லு பொறுக்கி மடியில போட்டுக்கிட்டு வருவா. ஏறி வந்த பக்கத்துலதான் வெப்பா. அந்தப் பக்கம் பூராவும் வெள்ளையாக் கெடக்குது. பலகைக்கல்லு இருந்த பக்கமும் அதுதான்.

"அடக் கெரகமே! பதினஞ்சு வருசம் நாந்தான் மூடியிருக்கறேன்! என்ர நோவ நான் எடுத்தா எவ கேப்பா? தள்ளுங்க!"

சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, குமியைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு ஆரம்பிச்சா. ஒண்ணு, ரெண்டுன்னு வாத்தியார் எண்றாரு. இருபது. முப்பது. கைய நொழைக்கற அளவுக்குப் பொந்து விழுந்துச்சு. நாப்பத்தொண்ணாவது கல்ல எடுத்ததும் உள்ள தட்டையா ஒரு விளிம்பு தெரிஞ்சுச்சு. "பலகைக்கல்லு!"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்தினாங்க. நாப்பத்திமூணாவதோட வெள்ளை முடிஞ்சுச்சு. ஆனா விளிம்புக்குக் கீழ, வாயை அடைச்சுக்கிட்டு ஒரு கருங்கல்லு. அசைய மாட்டேங்குது. மணி அஞ்சே கால்.

மாதம்மா கைய எடுத்துக்கிட்டா. அது யாருதோ. எந்த மகராசி எந்த வலியோட ஏறி வந்து வெச்சதோ. செத்தவங்களுதாக்கூட இருக்கும்.

"விட்டுடலாம்க்கா"ன்னாரு வாத்தியார். நல்ல மனசோடதான் சொன்னாரு. "பலகைக்கல்லு இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. படம் புடிச்சு அவருக்கு அனுப்பி, இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்லலாம்."

"டப்பா இருக்குதான்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

மாதம்மா கருங்கல்லையே பாத்துட்டு நின்னா. அப்பறம் அது மேல உள்ளங்கைய வெச்சு, "யாருதா இருந்தாலும் கோவிச்சுக்காத தாயி"ன்னு சொல்லிட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சு ஒரே இழுப்பு. கல்லு வந்துச்சு. பின்னாலேயே இருட்டுக்குள்ள இருந்து ஒரு துருப்புடிச்ச தகர டப்பாவோட மூலை எட்டிப் பாத்துச்சு.

அவ போட்ட கூச்சல் பள்ளத்துக் காட்டுல இருந்த சின்னக்கண்ணுக்கே கேட்டிருக்கும். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் குதிக்கறாரு. டப்பாவத் தொறந்தா, உள்ள நாலு பாலிதீன் பை, அதுக்குள்ள நோட்டு. ஒரு பூச்சி அரிக்கல. கடைசிக் கையெழுத்து ரெண்டாயிரத்துப் பதிமூணு. மாதம்மா அதுக்குக் கீழ, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பேரை எழுதினா. "மா" கொஞ்சம் கோணிப்போச்சு. டப்பாவை மறுபடியும் பலகைக்கல்லுக்கு அடியில தள்ளி வெச்சாங்க. வாய மூட ஒரே ஒரு வெள்ளைக் கல்லு, அடுத்து வர்றவன் கையால நகத்தற மாதிரி.

"ஓடுங்க சார்! சிக்னல்!"

கணவாயில சிக்னல் கெடையாது, மேல மொட்டைப்பாறைக்குப் போகணும். நாப்பத்தாறு வயசுக்காரி முன்னாடி ஓடறா, முப்பத்திரெண்டு வயசுக்காரரு பின்னாடி நொண்டறாரு. பாறை மேல ஏறி நின்னு, செல்போனைத் தூக்கித் தூக்கிப் புடிச்சு, ஒரு கோடு வந்து, போயி, ரெண்டு கோடா வந்து நின்னுச்சு. மணி அஞ்சு அம்பத்திமூணு. பட்டியல்ல டப்பா இன்னும் இருந்துச்சு. மாதம்மா பேர்ல வாத்தியார் முன்னமே தொறந்து குடுத்திருந்த கணக்குலதான் எழுதணும்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா, என்ன எழுதட்டும்?"

மாதம்மா இடுப்புல கைய வெச்சு மூச்சு வாங்கினா. முழங்கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

"எழுதுங்க சார். டப்பா தொலையல. நாந்தான் பதினஞ்சு வருசமாக் கல்லப் போட்டு மூடிப்போட்டேன். எடுத்த வெள்ளைக் கல்லு நாப்பத்திமூணும் என்னுதுதான், யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கருங்கல்லு ஒண்ணு மட்டும் யாருதுன்னு தெரியல. யாரு வெச்சிருந்தாலும் கவலப்படாதீங்க, உங்க நோவ நான் எடுத்துக்கிட்டேன். இப்படிக்கு மாதம்மாள், பெரக்கரை நாடு."

வாத்தியார் ஒரு எழுத்தையும் மாத்தல. எழுதி முடிச்சு, செல்போனை அவ கையில குடுத்தாரு. அனுப்பற பொத்தானை அவதான் அமுக்கினா.