நான் மாற்றி எழுதிய கடைசி அத்தியாயம்

என் மகள் பதினைந்து வயதில் ஒரு நாவல் எழுதினாள். அது அச்சில் வரவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருப் படிப்பகம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் ஏழு மாதம் தொடராக வந்தது. மாதம் ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி. ஒரு வீட்டில் ஒரு நாள் என்று அது தெரு முழுக்கச் சுற்றும். பின்னால் தைத்திருக்கும் வெற்றுத் தாள்களில் படித்தவர்கள் கருத்து எழுதுவார்கள். பலர் எழுதித் தருவதை ஒரே கையெழுத்தில் படியெடுக்க ஓர் ஆள் வேண்டும். நான் துறைமுகத்தில் குமாஸ்தா, கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த வேலை என்னிடம் வந்தது.

அவள் கதையில் ஒரு விண்கலம் பழுதாகி யாரும் அறியாத கிரகத்தில் விழுகிறது. உள்ளே பதினொரு பேர். அந்தக் கிரகத்தில் இரண்டு காற்று. ஒரு திசையிலிருந்து வருவதைச் சுவாசிக்கலாம். எதிர்த்திசைக் காற்று நெஞ்சை அரித்துவிடும். அது வீசும்போது எல்லோரும் உடைந்த கலத்துக்குள் போய், இடுக்குகளில் ஈரத் துணியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதை அவள் எங்கும் போய்க் கற்றுவரவில்லை. காலையில் மேற்கே தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வோம். மதியம் திரும்பிக் கடல்காற்று வந்த பிறகுதான் ஜன்னலைத் திறப்போம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு.

ஒவ்வொரு மாதமும் கதையில் ஒருவர் செத்தார். தெருவில் அதற்கு நல்ல வரவேற்பு. எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னா சார், இந்த மாசம் யாரைக் காலி பண்ணப் போவுது உங்க பொண்ணு?"

"எனக்கே தெரியாதுங்க. எழுதிக் குடுத்தாதான் தெரியும்."

"அந்த மெக்கானிக்கை மட்டும் வுட்டுறச் சொல்லு சார். நம்மாளு மாரியே கீறான். அவனும் பூட்டான்னா நான் படிக்க மாட்டேன்."

நானும் சிரித்துக்கொண்டே படியெடுத்தேன். மகள் எழுத்து ஊரில் பேசப்படுகிறது என்ற பெருமைதான் எனக்கு.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு, அவள் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கதையில் இன்னும் ஐந்து பேர் உயிரோடிருந்தார்கள். மிகப் பெரிய காற்று வருகிறது. கலத்தின் கதவு பழுது. வெளியிலிருந்து ஒருவர் இறுக்கினால்தான் மூடும். யார் போவது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நெஞ்சு பலமில்லாத ஒரு பெண் எழுந்து போகிறாள். கதவை இறுக்கிவிட்டு வெளியே சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறாள்: 'போன மாதம் ஏணியில் பத்துப் படி ஏறினேன். இப்போது ஆறு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள்.' அதற்குப் பிறகு நான்கு வரி. ஐந்தாவது வரி பாதியில் நின்றிருந்தது.

 இழுப்புக்காரப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை எழுதலாமா என்று கோபம் வந்தது. அது கோபமில்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. பேனாவைத் திறந்து நானே ஒரு முடிவு எழுதினேன். பூமியிலிருந்து மீட்புக் கப்பல் வருகிறது. அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொள்கிறார்கள். ஐவரும் வீடு திரும்புகிறார்கள். மகள் எழுதிய தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

இதழ் தெருவைச் சுற்றியது. "ஷோக்கா முடிச்சிட்ச்சி சார் பாப்பா," என்றார் எதிர்வீட்டுக்காரர். பின் தாள்களில் இடமில்லாத அளவுக்குப் பாராட்டு. எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அவள் வாங்கிய இடத்திலேயே நின்றுகொண்டு படித்தாள்.

"ஏம்பா மாத்தின?"

"எல்லாரும் சந்தோஷப்பட்டாங்கம்மா. பின்னாடி பாரு, எவ்ளோ பேர் எழுதியிருக்காங்க."

"நான் எழுதின தாள் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அவள் அழவில்லை. "அந்தக் கப்பல் எப்படிப்பா வந்துது? அவங்க அங்க இருக்காங்கன்னே யாருக்கும் தெரியாதே," என்றாள்.  இதழை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு படிப்பகத்துக்கு எதுவும் எழுதித் தரவில்லை. பரீட்சை வருகிறது, படிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்புபோல் இருமுவதும் இல்லை. உடம்பு தேறிவிட்டது என்று மனைவியிடம்கூடச் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநாள் டாக்டர் விசாரித்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மூணு நாளா இருக்கலாம் டாக்டர். நல்லாத்தான் இருந்தா," என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள். "போன வருஷத்துலேர்ந்தே ஆறு படிக்கு மேல ஏற முடியல டாக்டர். நின்னு நின்னுதான் ஏறுவேன். இருமல் வந்தா தலகாணில மூஞ்சை வச்சிக்குவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். முன்பே அழைத்து வந்திருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார்.  அவள் எனக்குச் சொல்லாமல் இல்லை. என் கையால் நான் படியெடுக்க வேண்டிய தாளில் எழுதியே கொடுத்தாள். நான் அதைக் கதை என்று எடுத்துக்கொண்டு, எனக்குப் பிடித்த மாதிரித் திருத்திவிட்டேன்.

இந்தக் காற்று ஆகாது என்றார்கள். இரண்டு மாதமாகத் தெற்கே அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒரு கடிதம் வருகிறது. 'நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். கவலைப்பட வேண்டாம்.' மனைவி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிடுகிறாள். எனக்கு ஒரு வரிகூட நம்பிக்கை வரவில்லை. நான் எழுதிய முடிவைத்தான் அவள் வாராவாரம் எனக்குப் படியெடுத்து அனுப்புகிறாள் என்று தோன்றுகிறது.

போன வாரம் எழுதிக் கேட்டேன். எத்தனை படி ஏறுகிறாய் என்று மட்டும் சொல், எதையும் மறைக்காதே என்று. நேற்றுப் பதில் வந்தது. வழக்கமான நலத்துக்குக் கீழே ஒரே வரி: 'எழுதினால் உங்களால் தாங்க முடியுமா அப்பா?'

முடியும் என்று எழுதிவிடலாம். எழுதினால் அவள் நம்புவாளா என்று தெரியவில்லை. காலையிலிருந்து இன்லண்ட் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.