புடவை கட்டி வந்த மீன்

சென்ற தை மாதம், கொல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டு வாசலில், என் ஒரே மகளின் கல்யாண நாள் காலையில் நடந்தது இது.

எனக்கு மீன் என்றால் பயம். நாங்கள் சைவம், அதனால் அருவருப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை வேறு; அது கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். மீன்காரர் தொட்டியிலிருந்து உயிருள்ள மீன் ஒன்று துள்ளி என் கழுத்தில் விழுந்தது. அலறிக்கொண்டு பின்வாங்கியவள், ஈரத்தரையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்ததுதான் அதிகம் வலித்தது.

அதன் பிறகு மீன் வாடை வந்தாலே நெஞ்சு படபடக்கும். மீன் கூடையோடு யாராவது ஏறினால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். கொல்கத்தாவில் இருந்துகொண்டு மீனுக்குப் பயந்தால் எங்கேதான் போவது? வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிவிட்டேன்.

மகள் ஒரு வங்காளிப் பையனை விரும்பினாள். நல்ல குடும்பம். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சளோடு சீர்த்தட்டுகள் வரும். அதில் முக்கியமானது ஒரு பெரிய ரூய் மீன். அதற்கு மணப்பெண் போலப் புடவை சுற்றி, மூக்குத்தி வைத்து அனுப்புவார்கள். பெண்ணின் அம்மா அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"விடும்மா, பெரியம்மாவை வாங்கச் சொல்லிக்கலாம்" என்றாள் மகள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கணவரோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்த ஆலோசகர் சின்னப் பெண்; என்னைச் சித்தி முறை வைத்து 'மாஷிமா' என்றுதான் கூப்பிடுவார். "மாஷிமா, பயம் மேல ஏறும், அப்புறம் தானா இறங்கும். இறங்குறதை நீங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அதுக்குள்ள ஓடிடுறீங்க. ஓடினதாலதான் பிழைச்சோம்னு உடம்பு நம்பிடுச்சு. ஓட ஓட பயம் வளருது" என்றார்.

முதலில் மீன் படத்தைப் பார்க்க வைத்தார். அடுத்து செல்போனில் நீந்தும் மீன். பிறகு சந்தையின் எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார். படபடப்பு அடங்கும்வரை நகரக்கூடாது, அதுதான் நிபந்தனை. வியர்த்து வழிய நின்றேன். நிஜமாகவே அடங்கியது! மெல்ல மெல்லக் கடைக்குப் பக்கத்திலேயே போய்விட்டேன்.

"பௌதி, தினமும் வந்து என் மீனுக்குக் கண்ணு வச்சிட்டுப் போறீங்க. ஒண்ணாவது வாங்குங்களேன்!" என்று என்னை அண்ணியாக்கிக்கொண்டு சொன்னார் மீன்காரர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் மீனைத் தொட்டதில்லை. கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது சம்பந்தியம்மா போன் செய்தார். "தீதி, அக்கா மாதிரி நினைச்சுச் சொல்றேன், நீங்க சைவம். சந்தேஷையே மீன் மாதிரி செஞ்சு அனுப்பிடறேன். இனிப்புதானே, கஷ்டமில்ல." சரி என்று சொல்ல வாய் துடித்தது. இதுவும் பஸ்ஸை விட்டு இறங்குவதுதானே என்று தோன்றியது.

"வேண்டாம். நிஜ மீனே வரட்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று காலை சங்கு முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். சிவப்புப் பட்டுக்குள்ளிருந்து திறந்த கண்ணோடு மீன் என்னைப் பார்த்தது. கால் ஓரடி பின்னால் போனது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் காத்திருக்க, நானும் காத்திருந்தேன். நெஞ்சு அடித்தது, அடித்தது, பிறகு தளர்ந்தது. கையை நீட்டித் தட்டை வாங்கினேன். கைக்குழந்தை கனம்!

அசைவில் மூக்குத்தி நழுவி விழுந்தது. கணவர் பதறி முன்னால் வந்தார்.

"இருங்க, நானே வைக்கறேன்" என்று தட்டை முக்காலியில் வைத்து, மூக்குத்தியை எடுத்து, அந்த ஈர முகத்தில் விரல் பதிய அழுத்தி வைத்தேன். புடவைத் தலைப்பையும் சரிசெய்தேன்.

"ஏம்மா, நம்ம பொண்ணுக்குக்கூட இவ்வளவு பொறுமையா அலங்காரம் பண்ணலையே!" என்றார் கணவர். கூட்டமே சிரித்தது. அத்தனை பேர் நடுவில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மகள் ஓடிவந்து, மீன் வாடை அடிக்கும் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்த ஊரில் இத்தனை வருடம் குடியிருந்தேன். அந்தக் காலையிலிருந்துதான் இது என் ஊராகவும் ஆனது.