குதிரைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

எங்கள் குதிரை இறக்கும்வரை, கிழக்கேகோட்டைக்கு உள்ளே எங்கள் தெருவிலிருந்து மழையில் நனையாமல் பள்ளி வாசலில் போய் இறங்கிய மாணவன் நான் ஒருவன்தான். என் சட்டையில் ஊறிய கொள்ளும் ஈரத்தோலும் கலந்த ஒரு வாடை எப்போதும் வீசியதென்றும், அதை முகர்ந்து பையன்கள் சிரித்தார்களென்றும் சொல்வார்கள். சிரித்தது உண்மை. வண்டியில் இடம் கேட்டு என் பின்னால் வந்ததும் அதே பையன்கள்தான். என் தந்தையார் வஞ்சியூர் நீதிமன்றத்தில் வக்கீல். தெரு அவரைக் 'குதிரைவண்டி வக்கீல்' என்றது. நான் அவருடைய ஒரே மகன், வகுப்பில் முதலிடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காதவன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். எதை இழந்தோம் என்பது தெரியாமல் மற்றது விளங்காது.

குதிரை செவலை நிறம். நெற்றியில் விபூதிக் கீற்றுப்போல ஒரு வெள்ளைக்கோடு. அதற்குப் பெயர் இரண்டு. வண்டியோட்டிய ஞானமுத்து பாறசாலைக்குத் தெற்கேயிருந்து வந்த வேதக்காரர், கிறிஸ்தவர். அவர் அதைச் 'சாலொமோன்' என்று அழைத்தார். என் தாயாருக்கு அந்தப் பெயர் நாவில் ஏறவில்லை, 'சுந்தரம்' என்றார். இரண்டுக்கும் அது திரும்பிப் பார்த்தது. "கையில கொள்ளு இருந்தா எந்தப் பேருக்கும் வரும், அம்மா" என்பார் ஞானமுத்து.

ஓர் ஐப்பசி மாலை, துலாமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, நீதிமன்றத்திலிருந்து திரும்பிய குதிரை தண்ணீரைக் குடித்துவிட்டு, தீனித்தொட்டியை மட்டும் முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வயிற்றுவலி என்று எண்ணி ஞானமுத்து அதைத் தெருவில் மேலும் கீழும் நடத்தினார். மறுநாள் வலி தணிந்ததுபோல் இருந்தது. ஆனால் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. மிருக ஆசுபத்திரி டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், ஊசி போட்டார். என்ன நோய் என்று தந்தையார் கேட்டதற்கு, "எந்தாணென்னு பறயான் பற்றுல்ல, சுவாமி" என்று மலையாளத்தில் சொல்லிக் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டார். சாட்சிக்கூண்டில் எவர் சொன்னாலும் 'தெரியாது' என்ற சொல்லை ஒப்புக்கொள்ளாத என் தந்தையார், அன்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாமல் நின்றார். அடுத்த நாள் பிற்பகல் குதிரை இறந்தது. நகரசபையின் மாட்டுவண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது.

தொல்லை அதன்பிறகே தொடங்கியது. குதிரைக்குத் துக்கம் கேட்கலாமா என்பதற்கு எங்கள் தெருவில் முன்னுதாரணம் இல்லை, ஆனாலும் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கலாமா என்பது தாயாருக்குத் தெரியவில்லை. துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாதே, இங்கே சொல்லலாமா என்பது வந்தவர்களுக்குத் தெரியவில்லை. எதிராத்து மாமி பழக்கத்தில் "வரேண்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போக, "எங்காத்திலே யார் போயிட்டான்னு இப்படிப் பேசாம போறா?" என்று வெகுண்ட தாயார், மறுகணமே உள்ளே போய் அழுதார்.

வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தையும் கொண்டுவந்தார். கண்ணேறு என்றார் ஒருவர். "பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிண்டு உடைக்க மறந்துட்டேளோ?" என்றார் இன்னொருவர். தந்தையாரின் ஒன்றுவிட்ட தமையனார் கிட்டாப் பெரியப்பா ஊஞ்சலில் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "மிண்டாப்பிராணி, வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? குடுத்ததைத் தின்னும். குடுத்தது யாரு? அதைன்னா கேக்கணும்!" என்று வண்டிக்கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே ஞானமுத்து காலித் தொழுவத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்; பெருக்கி முடித்த இடத்தையே திரும்பவும் பெருக்கினார்.

பேச்சு தெருவைத் தாண்டிவிட்டது. தைக்காட்டில் குதிரை வைத்திருந்த ஒரு டாக்டர் வீட்டில் ஞானமுத்துவைச் சேர்த்துவிட ஏற்பாடாகியிருந்தது. 'தீனியில் விஷம் வைக்கிறவன் என்று கேள்வி. வேண்டாம்' என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். ஊரில் அவருக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள்.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது தந்தையார் ஞானமுத்துவைக் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் கோர்ட்டிலேர்ந்து வந்ததும் குதிரைக்கு என்ன குடுத்தே?"

"தண்ணிதான் சாமி. வேற ஒண்ணும் அது தொடல்லியே."

"யார் சொல்லி?"

ஞானமுத்து தரையைப் பார்த்தார். "தெனமும் சாமிதானே சொல்லுவிய."

தந்தையார் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். "கேட்டுண்டேளா அண்ணா? நான் சொல்லித்தான் குடுத்தான். இனிமே யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்கோ."

"வேர்த்து வந்த குதிரைக்குத் தண்ணியா? படிச்சவன், இப்படிக் கொன்னுட்டியேடா!" என்றார் பெரியப்பா. காரணம் கிடைத்துவிட்ட திருப்தி அவர் குரலிலேயே தெரிந்தது. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு காபி கேட்டார். அன்று எல்லாரும் தயங்காமல் 'போயிட்டு வரேன்' சொல்லிக்கொண்டு போனார்கள்.

தந்தையார் தைக்காட்டுக்குத் தாமே நடந்து போய் அதையே சொன்னார். ஞானமுத்துவுக்கு வேலை கிடைத்தது.

தெரு அடங்கியது, எங்கள் வீடு அடங்கவில்லை. மாலையானால் தாயார் கொள்ளை ஊறவைத்துவிடுவார், காலையில் அதைச் சுண்டலாக்குவார், யாரும் தொடமாட்டோம். தெருவில் எங்கேனும் குளம்போசை கேட்டால் தந்தையார் கட்சிக்காரரின் பேச்சை நடுவில் விட்டு எழுந்து வாசலுக்குப் போவார். மாட்டுவண்டி என்று கண்டதும் திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று கேட்பார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் கூடத்தை நீளவாக்கில் அளந்தார். நான் நடந்து பள்ளிக்குப் போனேன். "எந்தா பட்டரே, குதிர எவிடே? அச்சன் கொன்னோ?" என்று, பட்டன் என்று என் பிராமண ஜாதியையும் சேர்த்துக் கேலியாகக் கேட்ட ஒருவனை அடித்தேன், சட்டை கிழிந்து வீடு வந்தேன். தினமும் காட்டிய தண்ணீர்தானே, மிருக டாக்டருக்கே என்ன நோயென்று தெரியவில்லையே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தந்தையாரைக் கேட்டேன். "நான் பொய் சொல்லல்லையே. தண்ணி காட்டச் சொன்னேன்" என்றார் அவர், நடையை நிறுத்தாமல்.

அவர் வேறு குதிரை வாங்கவில்லை. வண்டி விற்கப்பட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கோயிலுக்கு வருபவர்களின் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கோட்டைக்குள் குளம்போசை கேட்டு எழுந்து போக வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. தந்தையார் நடத்திய வழக்குகளை நினைவு வைத்திருப்பவர் ஒருவருமில்லை. குதிரை மட்டும் உறவினர் வாயில் உயிரோடிருக்கிறது. சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பெரியப்பாவின் பேரன் என்னைப் பக்கத்து இலைக்காரருக்கு அறிமுகம் செய்தான்: "வேர்த்த குதிரைக்குத் தண்ணி குடுத்துக் கொன்னாரே ஒரு வக்கீல், அவரோட பிள்ளையாக்கும் இவர்." பந்தி சிரித்தது. ஞானமுத்து காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. காக்க வேண்டிய பிழைப்பு இப்போது எவருடையதும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

அந்தக் குதிரையை என் தந்தையார் கொல்லவில்லை. ஞானமுத்துவும் கொல்லவில்லை. அது நோயால் இறந்தது. என்ன நோய் என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.